என் கம்ப்யூட்டரும் மூன்று வாட்ச்மேன்களும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பட்டனை அமுக்கிவிட்டு நான் குளிக்கப் போய்விடுவேன். குளித்து, தலை துவட்டி, கீழே போய்ப் பால் பாக்கெட் எடுத்து வந்து, பேப்பரில் காலமானவர்கள் பகுதிவரை படித்து முடித்தபின் எட்டிப் பார்த்தால், ஸ்கிரீன் நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நான்கு இட்லி உள்ளே போனபிறகு 'வெல்கம்' என்று சொல்லும். மாப்பிள்ளை வீட்டார் மண்டப வாசலில் வந்து இறங்கி, காபி கூடக் கிடைக்காமல் நொந்துபோய் உட்கார்ந்தபிறகு ஆரத்தித் தட்டோடு ஓடி வருகிற மாதிரி.

மொத்தம் 22 நிமிஷம். மணி பார்த்தது நானல்ல, என் மனைவி.

"ஏங்க, நான் ரெண்டு தரம் குக்கர் வெச்சு இறக்கிட்டேன். உங்க பெட்டி இன்னும் எழுந்திருக்கலை. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ!"

"விண்டோஸ் அப்டேட் ஆகுது" என்பேன். எனக்குத் தெரிந்த ஒரே கம்ப்யூட்டர் வியாதி அதுதான். தலைவலி வந்தால் பித்தம் என்று சொல்வதில்லையா, அதைப்போல.

நான் சொல்வது 2019-ஆம் வருஷத்துக் கதை. அந்தக் கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு வேறெதுவும் ஞாபகப்படுத்த வேண்டாம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் சேர்ந்து ஜூன் மாதத்தில் மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவிகிதம்கூடத் தேறவில்லை. சில ஓட்டல்களில் மதியச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். தண்ணீர் இல்லை என்று சில ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. (அடுத்த மார்ச்சிலேயே ஊர் முழுக்க அப்படி உட்காரப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?)

குரோம்பேட்டையில் எங்கள் குடியிருப்பில் 16 ஃபிளாட். ஒரே ஒரு போர்வெல். அதில் மார்ச் மாதமே காற்று மட்டும் வர ஆரம்பித்துவிட்டது. குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். போட்டியின்றித் தேர்வு. காரணம், தேர்தல் நடந்த அன்று நான் கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் லேட்டாகப் போனேன்.

தண்ணீர் லாரிக்காரருக்கு ஃபோன் செய்வது, கெஞ்சுவது, காத்திருப்பது, பணம் கொடுப்பது எல்லாம் என் இலாகா. 12,000 லிட்டர் லாரி. சாயங்காலம் வரும் என்பார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு வரும். லுங்கியோடு இறங்கிப்போய் கேட்டைத் திறந்து, சம்ப் மூடியைத் தூக்கி, என் கைப்பணத்தைக் கொடுத்து அனுப்புவேன். பில் கேட்டால் டிரைவர் சிகரெட் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கம் ஒரு தொகை எழுதித் தருவார். கையெழுத்து கேட்டால் சிரிப்பார்.

ஆகவே என் கணக்குதான் பில். காலையில் எழுந்ததும் தேதி, மணி, லாரி நம்பர், லிட்டர், ரூபாய் என்று ஐந்து கட்டத்தில் எக்ஸெலில் ஏற்றிவிடுவேன். மாதக் கடைசியில் கூட்டி, அந்தத் தொகைக்குச் சங்கத்தின் செக் எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, என் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வேன். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கணக்குப் பிரிவில் 33 வருஷம் குப்பை கொட்டியவன் நான். நான் ரிட்டையர் ஆனபோது என் கீழே வேலை பார்த்த பையன் அந்த எக்ஸெல் ஷீட்டுக்குள் ஏதோ மாக்ரோ எழுதிக் கொடுத்தான். ஒரு பட்டனைத் தட்டினால் 16 ஃபிளாட்டுக்கும் மெயின்டனன்ஸ் ரசீது சடசடவென்று பிரிண்ட் ஆகிவிடும். பிரிவு உபசாரத்தில் கிடைத்த சுவர்க் கடிகாரம் ஆறே மாதத்தில் நின்றுபோனது. இது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை முதல் வாரத்தில் லிஃப்ட் பக்கத்து போர்டில் கணக்கு ஒட்டினேன். மார்ச் முதல் ஜூன் வரை 62 லாரி, 1,85,500 ரூபாய்.

மறுநாள் காலை அதன் கீழே சிவப்புப் பால்பாயின்ட்டில் யாரோ எழுதியிருந்தார்கள்: '57?'

யாரோ என்ன யாரோ. ஃபிளாட் எட்டு. எங்கள் குடியிருப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் போய் ரொம்ப நாளாயிற்று, எல்லாரும் நம்பர்தான். எட்டு இரண்டாவது மாடி, கேட்டைப் பார்த்த பால்கனி. லாரி வந்தால் எட்டு பால்கனிக்கு வருவார், தினக் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எதையோ குறிப்பார். ஏதோ நல்ல நேரம் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மனுஷன் லாரியை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்!

அஞ்சு லாரி வித்தியாசம். யாரும் என்னிடம் நேரில் எதுவும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம். மாடிப்படியில் நான் இறங்கினால் பேச்சு நிற்கும். பதினொன்று என்னைப் பார்த்து, "என்ன சார், வெயில் ஜாஸ்தியா இருக்கு" என்பார். வெயிலைப் பற்றி மூன்று நாளில் நாலு தடவை சொல்லிவிட்டார். கடைசியில் வீட்டு வேலைக்கு வரும் அம்மா என் மனைவியிடம், "ஐயா தண்ணிக் காசுல ஏதோ எடுத்துட்டாராமே, நெசமா?" என்று கேட்டுவிட்டார். என் மனைவி எனக்கு அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு ரசத்தில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

பொதுக்குழு ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. முழு லிஸ்ட்டையும் பிரிண்ட் எடுத்து ஆளுக்கொன்று கையில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து பட்டனை அமுக்கினேன். 22 நிமிஷம். பிறகு எக்ஸெல் திறக்க 6 நிமிஷம். பிறகு பார்த்தால், ஃபைலைக் காணோம்.

இடம் மாற்றி வைத்தேனா என்று தேடினேன். குப்பைத் தொட்டியில் தேடினேன். பெயரைப் போட்டுத் தேடச் சொன்னேன். அது தேடுகிறேன் பேர்வழி என்று முக்கால் மணி நேரம் பச்சைக் கோடு ஒன்றை இழுத்துக் காட்டிவிட்டு, 'எதுவும் இல்லை' என்றது. எட்டு வருஷக் கணக்கு. 62 லாரி. என் 33 வருஷம். எதுவும் இல்லை.

ஸ்டேஷன் பக்கத்து கம்ப்யூட்டர் கடைப் பையனை வரவழைத்தேன். அவன் மவுஸை இரண்டு தட்டுத் தட்டினான். பெட்டியின் முதுகில் ஒரு தட்டு. பிறகு தீர்ப்புச் சொன்னான்.

"ஃபார்மட் அடிச்சுடலாம் சார். ஐந்நூறு ரூபா. புதுசு மாதிரி ஆயிடும்."

"உள்ளே இருக்கறதெல்லாம்?"

"பேக்கப் வெச்சிருப்பீங்கள்ல?"

உலகத்தில் இந்தக் கேள்வியைச் சிரித்த முகத்தோடு கேட்பவர்களுக்கென்று தனியாக ஒரு தண்டனை யோசித்து வைத்திருக்கிறேன். இருந்தாலும், 'புதுசு மாதிரி' என்கிற வார்த்தை என்னை அசைத்துவிட்டது. சரி என்று தலையாட்டப் போனேன். என் மனைவி டம்ளரோடு குறுக்கே வந்தாள். "காபி குடிச்சுட்டுக் கிளம்புப்பா. அப்புறம் சொல்லி அனுப்பறோம்." அவளுக்கு ஃபார்மட் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் ஒன்றைத் தேடும்போது வீட்டை ஒட்டுமொத்தமாகக் கழுவிவிடக்கூடாது என்று தெரியும்.

ஜூலை 12, வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்து சேர்ந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். டி.வி.யில் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வேகன் எண்ணிக்கையை மனசுக்குள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஆள் அரவம். மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போன என் மனைவி திரும்பி வந்தாள், கூடவே ஃபிளாட் எட்டின் மகள். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம், கம்ப்யூட்டர் படிப்பு.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொருளாளர் வீட்டுக்குள் எதிர்க்கட்சியா!

"அப்பாவுக்குத் தெரியுமாம்மா நீ இங்க வந்தது?"

"தெரியும் அங்கிள். 'போய்ப் பாரு, நிஜமாவே ரிப்பேரா, இல்லே சும்மா சொல்றாரா'ன்னார்."

சிரிக்காமல் சொன்னது அந்தப் பெண். உட்கார்ந்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒரே சமயத்தில் அமுக்கியது. டாஸ்க் மேனேஜர் என்று ஒரு பெட்டி திறந்தது. அதில் 'டிஸ்க்' என்று ஒரு கட்டம், 100 சதவிகிதம். நாங்கள் யாரும் எதையும் தொடவில்லை. ஹார்ட் டிஸ்க் மட்டும் தானாக நூறு சதவிகிதம் உழைத்துக்கொண்டிருந்தது. என் ஆபீஸில் அப்படி ஒருவரையும் பார்த்ததில்லை.

"அங்கிள், மூணு ஆண்டிவைரஸ் போட்டிருக்கீங்க."

"பாதுகாப்புக்கும்மா."

"யார்கிட்டேயிருந்து?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்றின் ஜாதகத்தையும் சொன்னேன். முதலாவது, 2013-ல் கம்ப்யூட்டர் வாங்கும்போது கடையில் தள்ளிவிட்டது. மூன்று வருஷத்தில் சந்தா முடிந்துவிட்டது. ஆனால் காலி செய்யாத குடித்தனக்காரர் மாதிரி உள்ளேயே இருந்துகொண்டு, 'புதுப்பியுங்கள்' என்று தினம் கத்தும். இரண்டாவது, வேறெதற்கோ ஓர் இலவச சாஃப்ட்வேர் இறக்கியபோது கூடவே வந்தது. ஒரு சின்னக் கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டு வைத்திருந்திருக்கிறார்கள். நான் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று போய்விட்டேன். மூன்றாவது பயத்தில் வாங்கியது. ஒரு நாள் திடீரென்று ஸ்கிரீன் சிவப்பாகி, 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்' என்று மணியடித்தது. கிரெடிட் கார்டை எடுத்துப் பணம் கட்டினேன். மணி நின்றது.

"கார்டுல ஆட்டோ ரின்யூவல் இருக்கும் அங்கிள். முதல்ல அதை கேன்சல் பண்ணுங்க. வருஷா வருஷம் எடுத்துட்டிருப்பான்" என்றது பெண். பார்த்தோம். எடுத்துக்கொண்டுதான் இருந்தான்.

பிறகு எனக்கு விளக்கியது. நாம் ஒரு ஃபைலைத் திறந்தால் அது நேராக நம்மிடம் வராது. ஆண்டிவைரஸ் நடுவழியில் நிறுத்தி, தன்னிடம் இருக்கிற கேடிப் பட்டியலோடு ஒத்துப்பார்த்து, அப்புறம்தான் விடும். ஒருவர் பார்த்தால் நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் முதல் வாட்ச்மேன் பையைத் திறந்ததும், இரண்டாமவர், 'இவன் ஏன் அந்தப் பையைத் திறக்கிறான்?' என்று தானும் திறப்பார். மூன்றாமவர் இரண்டு பேரையும் சந்தேகப்படுவார். என் ஹார்ட் டிஸ்க்கோ பழைய மாடல். உள்ளே தட்டு ஒன்று நிமிஷத்துக்கு 7,200 தரம் சுற்றும். எடுத்துக் கொடுக்க ஒரு கைதான். ரேஷன் கடையில் ஒரே ஆள் நிற்க, மூன்று பக்கமும் கியூ நின்று கத்துகிற கதை. போதாக்குறைக்கு 4 ஜி.பி. மெமரியில் பாதியை இவர்களே பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு கூத்து. ஒவ்வொன்றுக்கும் முழு சோதனை நடத்த ஒரு நேரம் குறித்திருந்தது. ஒன்று விடியற்காலை மூன்று மணிக்கு, இன்னொன்று நள்ளிரவில். அந்த நேரத்தில் நான் பெட்டியை அணைத்துவிட்டுத் தூங்குகிறேன். ஆகவே காலையில் பட்டனை அமுக்கினதும், 'ராத்திரி வேலை பாக்கி' என்று எல்லாரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிடுகிறார்கள். அதுதான் அந்த 22 நிமிஷம். விண்டோஸ் அப்டேட்டை நான் இத்தனை நாள் அநியாயமாகத் திட்டியிருக்கிறேன்.

சில சமயம் ஓர் ஆண்டிவைரஸின் கேடிப் பட்டியலை இன்னொன்று பார்த்துவிட்டு, 'ஐயோ, வைரஸ்!' என்று பிடிப்பதும் உண்டாம். வைரஸ்களின் அடையாளமெல்லாம் அந்தப் பட்டியலில்தானே இருக்கிறது? போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் ஃபோட்டோக்களைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனையே அரெஸ்ட் செய்த மாதிரி.

(இதையெல்லாம் அன்று நான் பாதிதான் நம்பினேன். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு மீதிப் பாதியையும் நம்பினேன்.)

"அதெல்லாம் இருக்கட்டும்மா. என் கணக்கு ஃபைல்?"

"அதுல மாக்ரோ ஏதாவது இருந்துச்சா அங்கிள்?"

ரசீது பட்டனைச் சொன்னேன். பெண் தலையை ஆட்டியது. எக்ஸெல், வேர்டு மாக்ரோ வழியாக வைரஸ் பரவுவது 1995-லிருந்தே உள்ள சங்கதியாம். 1999-ல் மெலிஸா என்று ஒன்று வேர்டு ஃபைலில் ஒளிந்து வந்து உலகத்து ஈமெயிலையெல்லாம் ஸ்தம்பிக்க வைத்தது. அதனால் மாக்ரோ என்றாலே ஆண்டிவைரஸ்காரருக்கு ஒரு கண். முதல் பி.சி. வைரஸைச் செய்தவர்கள் இவ்வளவு மோசமில்லை: 1986-ல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள். வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், விலாசம், ஃபோன் நம்பர் எல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து மரியாதையே தனி.

மூன்றாவது வாட்ச்மேனின் 'குவாரன்டைன்' என்கிற அறையைத் திறந்தது பெண். கொரோனாவுக்கு முன்னால் எனக்குத் தெரிந்த ஒரே குவாரன்டைன் அதுதான். உள்ளே ஒரே ஒரு கைதி. என் கணக்கு ஃபைல். குற்றம்: சந்தேகத்துக்கிடமான மாக்ரோ. கைதான தேதி: ஜூலை 1. முப்பது நாள் கழித்துத் தானாக அழிக்கப்படும் என்று வேறு செட்டிங்.

நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். பெண் அவசரப்படவில்லை. வெளியே எடுத்து, மாக்ரோவை ஓடவிடாமல் திறந்து, ஆல்ட், எஃப் 11 அமுக்கி, அந்தப் பையன் எழுதியிருந்ததை வரி வரியாகப் படித்தது. பதினோரு வரி. ரசீதை பிரிண்ட் செய்வதைத் தவிர அதற்கு ஒரு துர்நோக்கமும் கிடையாது. "பாவம் அங்கிள், நிரபராதி" என்றது. ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து என் கையில் கொடுத்தது. "இனிமே மாசா மாசம் இப்படி எடுத்து வெச்சுக்குங்க." அதையே அந்தக் கடைப் பையன் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பெண் சொன்னபோது வரவில்லை. ஃபைல் கையில் இருந்ததால் இருக்கலாம்.

பிறகு மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலி செய்யும் படலம். ஒன்றை எடுத்ததும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும், அப்புறம்தான் அடுத்தது. முதலாவது போகமாட்டேன் என்று அடம் பிடித்தது. அதற்கென்று அந்தக் கம்பெனியே ஒரு தனி சாஃப்ட்வேர் வைத்திருக்கிறதாம். அதை இறக்கிப் போட்டு வெளியேற்றினோம். மூவரும் போனதும், விண்டோஸிலேயே கூடப் பிறந்த டிஃபெண்டர் என்கிற ஆண்டிவைரஸ் தானாகக் கண் விழித்தது. வெளியாள் வந்தால் அது ஒதுங்கிக்கொள்ளுமாம், அவர்கள் போனதும் திரும்ப வேலைக்கு வருமாம். 2016-ல் விண்டோஸ் 10-ஐ இலவசம் என்று ஏற்றியதிலிருந்து அது உள்ளேயேதான் இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

நடுவில் என் மனைவி, "அடை வார்த்திருக்கேன், சூடா சாப்பிட்டுட்டு வந்து பாரு கண்ணு" என்று பெண்ணை உள்ளே கூட்டிப்போனாள். நான் தனியாக உட்கார்ந்து லாரி லிஸ்ட்டைப் பார்க்க ஆரம்பித்தேன்.

நாலு லாரி ராத்திரி ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் வந்தவை. எட்டு தூங்கியிருப்பார். 57-ம் நாலும் 61. அந்த இன்னொன்று?

ஜூன் 14. லாரி நம்பர், கடைசி நாலு எண் 4471. ரூபாய் 4,000. பத்து வரி தள்ளி, மறுபடி ஜூன் 14. 4471. ரூபாய் 4,000. அதே மணி.

அந்தக் காலை எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. எழுதி முடித்து 'சேவ்' தட்டினேன், ஸ்கிரீன் உறைந்தது. பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் பெட்டியை அணைத்தேன். மறுபடி எழுந்ததும், ஏறவில்லை போலிருக்கிறது என்று மறுபடி எழுதினேன். முதலில் எழுதியதும் ஏறித்தான் இருந்திருக்கிறது. நான் மேலே பார்க்கவில்லை. கூட்டல் மட்டும் பார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. அந்தத் தொகைக்கு செக் எழுதி என் கணக்கில் போட்டுக்கொண்டேன்.

ஆக, வேலைக்கார அம்மா கேட்டது நெசம்தான். ஐயா தண்ணிக் காசில் 4,000 எடுத்துவிட்டார்.

உள்ளே அடைக்கு வெண்ணெயா வெல்லமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எதிரே கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. 4471-ஐ 4477 என்று மாற்றி, மணியை ராத்திரி இரண்டு ஆக்கினால் போதும். இரண்டே கட்டம். 62 என்று போர்டில் போட்டது அப்படியே நிற்கும். எட்டு தூங்கினார் என்று ஆகிவிடும். அவருடைய சிவப்பு மையை அவரே வந்து அழிக்க வேண்டியிருக்கும். பத்து நாளாக நான் பட்ட அவமானத்துக்கு அது ரொம்பச் சின்ன விலை என்று தோன்றியது. பொய் சொல்லவில்லை, விரல் அந்தக் கட்டத்துக்கு மேலேதான் இருந்தது. பழியை ஆண்டிவைரஸ் தலையில் போட்டுவிடலாமா என்றும் ஒரு யோசனை ஓடியது. உறைந்தது அதுதான், ஆனால் இரண்டாம் தரம் தட்டியது நான்.

அறை வாசலில் என் மனைவி. "என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?"

சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "போன மாசம் வாட்டர் ஃபில்டர் மாத்தினோமே, அந்தக் காசா?" என்றாள். அப்புறம், "நாளைக்கே கட்டிடுங்க."

மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை. பாங்க் லீவு! 4,000 ரூபாயைக் கவரில் போட்டுத் தலைவர் வீட்டுக்குப் போய்க் கொடுத்து, என் மாக்ரோவிலேயே ரசீது பிரிண்ட் செய்து கையெழுத்து வாங்கிக்கொண்டேன். கம்ப்யூட்டர் அன்று காலை 4 நிமிஷத்தில் எழுந்துவிட்டது. பழக்க தோஷம், நான் அதற்குள் குளிக்கப் போயிருந்தேன். (அடுத்த வருஷம் அந்தப் பெண்ணே சொல்லி, சுற்றாத வகை டிஸ்க் ஒன்று, எஸ்.எஸ்.டி., வாங்கிப் போட்டபிறகு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திக்கொண்டதால், இப்போது அந்தப் பெட்டியை இன்டர்நெட்டில் சேர்ப்பதில்லை. கணக்குக்கு மட்டும்.)

பெண் கிளம்பும்போது கேட்டேன்: "உங்க வீட்டுக் கம்ப்யூட்டர் எப்படிம்மா?"

"அப்பாவோட லேப்டாப்பா? அதுல நாலு இருக்கு அங்கிள். எடுக்க விடமாட்டார்."

ஞாயிறு சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். லிஸ்ட்டை எல்லாருக்கும் கொடுத்தேன். நாலு ராத்திரி லாரிகளைத் தேதி, மணியோடு படித்தேன். ஐந்தாவதுக்கு வந்தபோது தொண்டை அடைத்தது. "இது என் தப்பு. ஒரே லாரியை ரெண்டு தரம் எழுதி, ரெண்டு தரம் பணம் எடுத்திருக்கேன். 4,000 ரூபாய். நேத்திக்குத் திருப்பிக் கட்டியாச்சு. ரசீது இதோ. சரியான கணக்கு 61 லாரி, 1,81,500."

யாரும் பேசவில்லை. மேலே தண்ணீர் டாங்க் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. அந்த வருஷம் டாங்க் சொட்டினால் அடிதடி நடந்திருக்க வேண்டும், யாருக்கும் கவனமில்லை.

எட்டு எழுந்தார். சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாள் கத்தையை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் லிஸ்ட்டோடு ஒவ்வொன்றாக டிக் போட்டார். பத்து நிமிஷம் ஆயிற்று. என் 22 நிமிஷம் அதற்குத் தேவலை.

"ஃபிளாட்டுக்கு 250 ரூபா வருது. அடுத்த மாச மெயின்டனன்ஸ்ல கழிச்சுடலாமா?" என்று பதினொன்று கேட்டார். வெயிலைத் தவிர அவர் பேசிய முதல் விஷயம்.

கழித்துக்கொள்ளலாம் என்று தீர்மானமாயிற்று. நான் பொருளாளர் பதவியை ராஜினாமா செய்வதாகச் சொன்னேன். மற்ற பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். எட்டுதான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அவரே இருக்கட்டும். நான் எண்ணிக்கிட்டே இருக்கேன்."

இரண்டு நாள் கழித்து ராத்திரி லாரி வந்தது. லுங்கியோடு இறங்கிப்போய் சம்ப் மூடியைத் தூக்கி ஹோஸைச் சொருகிவிட்டு நிமிர்ந்தால், இரண்டாவது மாடிப் பால்கனியில் லைட்.

"சார்! ரெண்டு பத்து! எழுதிக்கிட்டேன்!"

"சரி சார்!" என்றேன். காலையில் நானும் எழுதினேன். ஒரு தரம்தான். எழுதிவிட்டு, மேலே ஒரு தடவை பார்த்தேன்.